கூடவா, இல்லாமலா?

“கூடவா, இல்லாமலா?”

கேட்டுக்கொண்டே மலாமோ மேசையைத் துடைக்கிறாள். துணி வந்தவரின் முழங்கையருகே ஒரு கணம் நிற்கும். முழங்கை உயரும். துணி அடியில் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறும். அதற்குள் பதில் வந்துவிட வேண்டும். அவள் நிற்பதில்லை.

சோம்பு கூடவா, சோம்பு இல்லாமலா என்பதுதான் முழுக் கேள்வி. கிரேக்கத் துறைமுக ஊரான வோலோஸில் யாரும் அதை முழுதாகக் கேட்பதில்லை. சோம்பு சேர்ந்த சீப்புரோவில் ஐஸ் துண்டு விழுந்தால் அந்தத் திராட்சைச் சாராயம் பால்போல வெளுத்துவிடும். சேராதது தண்ணீர்போலவே கிடக்கும். குடிக்கிறவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சியிலிருந்து மற்றதற்கு யாரும் தாவியதாக நெயா யோனியா பகுதியில் இதுவரை செய்தி இல்லை.

தாவமாட்டார்கள் என்பது மலாமோவுக்கும் தெரியும். இருந்தும் கேட்கிறாள். தூணோரத்து மேசையில் தினமும் உட்காரும் சிமெண்ட் ஆலையில் ஓய்வு பெற்றவர்கள் மூன்று பேரிடமும் தினமும் கேட்கிறாள். “உனக்குத்தான் தெரியுமே” என்று யாராவது அலுத்துக்கொண்டால், “நேத்து வரைக்கும் தெரியும். இன்னிக்கு நீ என்னவோ, யார் கண்டா?” என்பாள். பாதிரியாரிடமும் இதே கேள்விதான். ஒருமுறை தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவரிடம் கேட்டுவிட்டாள். அவர் கூச்சத்தோடு “கூட” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். அன்று மீட்டர் பார்க்கப்படவில்லை.

ஆள் குள்ளம். காலில் தம்பி லம்ப்ரோஸின் பழைய ரப்பர் செருப்பு, அவளுக்கு அது பெரியது. சளக் சளக் என்ற சத்தம் முன்னால் வரும், அவள் பின்னால் வருவாள். மேலங்கிப் பையில் குப்பி மூடிகள் கலகலக்கும். நெற்றிக்கு மேலே ஒரு மூக்குக்கண்ணாடி உண்டு. அது மூக்குக்கு இறங்கி யாரும் பார்த்ததில்லை. முன்பு துணி ஆலையில் தறி பார்த்தவள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், ஆலையை மூடிய பிறகும் இறங்கவில்லை. “அக்கா, நான் அடுப்படியிலதான் நிக்கிறேன். அடுத்த ஊர்ல இல்ல” என்று லம்ப்ரோஸ் உள்ளேயிருந்து கத்துவான். அவன் குரலும் அதே அளவுதான்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில் வைத்திருக்கிறாள்: “ஊரையெல்லாம் நான் கூடவா இல்லாமலான்னு கேக்குறேன். என்னை எவன் கேட்டான்?”

கடையில் ஆறு மேசை. என்னென்ன இருக்கிறது என்று எழுதிவைத்த அட்டை கிடையாது. வெளியூர்க்காரர் ஒருவர் அட்டை கேட்டபோது, “நீ என்ன பரீட்சையா எழுதப்போறே? உக்காரு” என்றாள். இங்கே சாப்பாடு கேட்டு வாங்குவது வழக்கமில்லை. சின்னக் குப்பி ஒன்று சொன்னால் அதோடு ஒரு தட்டு தானாக வரும். அடுத்த குப்பிக்கு வேறு தட்டு. என்ன வரும் என்பது மலாமோவின் இஷ்டம். முதல் சுற்றில் ஆலிவ், உப்பிட்ட கானாங்கெளுத்தி, காட்டுப் பிஸ்தாத் தளிர் ஊறுகாய். இரண்டாவதில் நெத்திலி வறுவலோ சுட்ட மிளகாயோ. மூன்றாவது சுற்றில்தான் எறால். ஒரு குப்பியோடு எழுந்து போகிறவர்களுக்கு இந்தக் கடையில் எறால் உண்டு என்பதே தெரியாது. “மூணு சுத்து உக்கார முடியாதவனுக்கு எறா எதுக்கு?” என்பது அவள் கட்சி.

ஆளுக்கொரு தட்டு என்பதும் இல்லை. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி முட்கரண்டிகள். தட்டின் அளவை லம்ப்ரோஸ் குப்பியை எண்ணித் தீர்மானிக்கிறான், தலையை எண்ணி இல்லை. ஆனால் எத்தனை குப்பியானாலும் எறாலின் எண்ணிக்கை ஒற்றைப்படையில்தான் இருக்கவேண்டும் என்பது மலாமோவின் உத்தரவு. இரண்டு குப்பிக்கு ஐந்து. மூன்று குப்பிக்கு ஏழு. “சமமாப் பிரிச்சு வெச்சா தின்னுட்டுக் கைகழுவிட்டுப் போயிருவாங்க. ஒண்ணு மிஞ்சினாத்தான் பேச்சு நடக்கும்.”

பேச்சு நடக்கும். அந்தக் கடைசி எறாலை யாரும் தொடமாட்டார்கள். நீ எடு, இல்லை நீ எடு என்று அது ஆறிப்போகும். அப்போது சளக் சளக் என்று மலாமோ வருவாள். மேலே நின்று பார்ப்பாள். “யாருக்கும் வேண்டாமா? அப்ப எனக்கு.” வாலைப் பிடித்துத் தூக்கி, தலையைத் திருகிப் பையில் போட்டுக்கொள்வாள். தலை வாசலில் படுத்திருக்கும் பூனைக்கு. உடம்பு அவளுக்கு. நின்றபடியே மென்று முடித்துத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் ஓர் இளைஞன் கூச்சமே இல்லாமல் கடைசி எறாலைச் சாப்பிட்டுவிட்டான். மலாமோ காலித் தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். “என் பங்கத் திங்க நீ யாரு?” என்றாள். அவன் இன்றும் வருகிறான். கடைசி எறாலைத் தொடுவதில்லை.

இந்தக் கடைசி எறால் விஷயத்தில் ஜன்னலோர மேசை ரீஸோஸையும் பொலிக்ஸெனியையும் மிஞ்ச ஆள் கிடையாது. ரீஸோஸ் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். பொலிக்ஸெனி அவர் மனைவி. சனிக்கிழமை மதியம் இருவரும் வருவார்கள். அவருக்குக் கூட. அவளுக்கு இல்லாமல். அவர் கோப்பை வெள்ளை, அவள் கோப்பை தெளிவு.

“அது என்ன சாராயமா? குழந்தைக்கு இருமல் மருந்து” என்பாள் அவள்.

“உன்னது புண்ணு கழுவுறது. குடிக்கிறதுக்கில்ல” என்பார் இவர்.

மிஞ்சிய எறாலை ரீஸோஸ் முட்கரண்டியால் அந்த ஓரத்துக்குத் தள்ளுவார். பொலிக்ஸெனி இந்த ஓரத்துக்குத் தள்ளுவாள். மறுபடி அங்கே. மறுபடி இங்கே. “அண்ணே, அண்ணி, நீங்க ரெண்டு பேரும் மரியாத பண்ணிக்கிட்டே இருங்க. நான் இப்படியே ஊதிக்கிறேன்” என்று மலாமோ வயிற்றைத் தட்டிக்காட்டி அதை எடுத்துப் போட்டுக்கொள்வாள்.

பொலிக்ஸெனி இந்த மார்ச்சில் இறந்துபோனாள். மகன் அர்கிரிஸ் பக்கத்து ஊர் லாரிஸாவில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கிறவன். அம்மாவின் தலைமாட்டில் இருந்த கருவியை இரண்டு முறை சோதித்தான். கருவியில் பிழை இல்லை.

அடக்கம் முடிந்ததும் தேவாலயக் கூடத்தில் காப்பி கொடுத்தார்கள். யாரும் கூப்பிடாமலே மலாமோ வந்திருந்தாள், தன் மேலங்கியோடு. வரிசை வரிசையாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். கறுப்பு உடுப்பு அணிந்தவர்கள் தாழ்ந்த குரலில் சர்க்கரை அளவைச் சொன்னார்கள். அவள் கடைசியாக ரீஸோஸிடம் வந்தாள். அவர் முன்னால் குனிந்தாள்.

“கூடவா, இல்லாமலா?”

பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரீஸோஸ் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மலாமோவுக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. கோப்பையை அப்படியே அவர் முழங்காலருகே வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். அர்கிரிஸ் பின்னால் போனபோது, கழுவுதொட்டியருகே நின்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வாயத் தைக்கணும்டா, மருமவனே. ஊசி கொண்டா.”

“விடு அத்தை. அப்பாவுக்குக் காதுலயே விழுந்திருக்காது.”

விழுந்ததா இல்லையா என்று அவனுக்குத் தெரியாது.

அதன் பிறகு ரீஸோஸ் கடைப்பக்கம் வரவில்லை. ஏப்ரல் போயிற்று. அர்கிரிஸ் தினமும் சாயங்காலம் போன் செய்தான்.

“சாப்டியாப்பா?”

“சாப்டேன்.”

“என்ன சாப்டே?”

“சாப்பாடு.”

நேரில் போனபோது பார்த்தான். அப்பா கழுவுதொட்டிமேல் குனிந்து நின்றபடி, காகிதத்திலிருந்தே பாலாடைக்கட்டியும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார். தட்டு எடுக்கவில்லை. அவர் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை.

“மலாமோ கடைக்குப் போலாமாப்பா?”

“ஒத்த ஆளுக்கு அங்க என்னடா வேலை? நடுவுல ஒரு தட்ட வெச்சுக்கிட்டு நான் யாரப் பாத்து திங்கிறது?”

கடையில் மலாமோ கேட்பதை நிறுத்தியிருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. துணியோடு வந்து நின்று முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். தூண் மேசைக்காரர்கள் தவித்துப்போனார்கள்.

“கேளேன் மலாமோ.”

“சொல்லு.”

“நீ கேளு, நான் சொல்றேன்.”

அவள் கேட்காமலே உள்ளே போய் மூன்று குப்பி கொண்டுவந்தாள். ஒன்று மாறியிருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவை. குப்பி மாறிப்போனவர் அதை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் குடிக்காமலே போனார். “இது கடையா, எழவு வீடா? வாயத் தொறந்து கேளுக்கா” என்று லம்ப்ரோஸ் உள்ளேயிருந்து கத்தினான். அவள் திருப்பிக் கத்தவில்லை. அதில்தான் அவன் பயந்துபோனான். அர்கிரிஸுக்குப் போன் செய்து சொன்னவன் அவன்தான்: “எங்கக்கா வாயால உங்கப்பா கடைய மறந்தாருன்னு இவ வாயையே மறந்துட்டா. ஒருநாள் கூட்டிட்டு வா. திட்டவாச்சும் கூட்டிட்டு வா.”

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அர்கிரிஸ் மீன் வாங்கவேண்டும் என்று சொல்லி அப்பாவைக் காரில் ஏற்றினான்.

“மீன் மார்க்கெட் அந்தப் பக்கம்டா.”

“தெரியும்பா.”

ரீஸோஸ் அதற்குமேல் கேட்கவில்லை. கடை வாசலில் பூனையைத் தாண்டுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

தூண் மேசைக்காரர்கள் கோப்பையை லேசாக உயர்த்தினார்கள். ரீஸோஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே வாசலைப் பார்த்த நாற்காலி காலியாக இருந்தது. அர்கிரிஸ் வேறு மேசையிலிருந்து ஒன்றை இழுத்துவந்து பக்கவாட்டில் போட்டுக்கொண்டான்.

சளக் சளக் சத்தம் வந்து, பாதியில் நின்று, மறுபடி வந்தது. மலாமோ மேசையைத் துடைத்தாள். துணி ரீஸோஸின் முழங்கையருகே நின்றது. முழங்கை உயர்ந்தது. துணி புகுந்து வெளியே போனது. கேள்வி வரவில்லை.

உள்ளே போய்ச் சோம்பு சேர்ந்த குப்பி ஒன்று, ஐஸ், கோப்பை, ஒற்றை ஆளுக்கான சின்னத் தட்டு எல்லாம் கொண்டுவந்து வைத்தாள். அர்கிரிஸ் லாரிஸாவுக்குக் கார் ஓட்டவேண்டும், அவனுக்குத் தண்ணீர்தான். வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“மலாமோ.”

“சொல்லுண்ணே.”

“இது என்ன?”

“கூட. உனக்கு எப்பவும் அதானேண்ணே.”

“நான் சொன்னேனா?”

மலாமோ துணியை முறுக்கினாள்.

“எங்ககிட்டயும் கேக்குறதில்ல ரீஸோஸ்” என்றார் தூண் மேசையில் ஒருவர். “ஊமையாயிட்டா.”

“நீங்க வாய மூடிக்கிட்டுக் குடிங்க.”

“எதுக்குக் கேக்கல?” என்றார் ரீஸோஸ்.

“அன்னிக்கு அப்படிக் கேட்டுட்டேனேண்ணே. காப்பித் தட்டோட. வாயா இது? அதுக்கப்புறம் நீ இந்தத் தெருவுலயே கால் வெக்கல. எதனாலன்னு எனக்குத் தெரியாதா?”

“என்ன தெரியும் உனக்கு?”

ரீஸோஸ் முட்கரண்டியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“அன்னிக்குக் கூடம் நெறைய ஆளு. அத்தன பேரும் என் தோளத் தட்டினாங்க. ஒருத்தி தைரியமா இருன்னா. ஒருத்தன் காலம் எல்லாத்தையும் ஆத்தும்னான். அதுக்கெல்லாம் நான் என்னத்தச் சொல்றது? பதில் சொல்ற மாதிரி ஒண்ணக் கேட்டது நீ ஒருத்திதான்.”

“நீதான் ஒண்ணும் சொல்லலியே.”

“யோசிச்சுக்கிட்டிருந்தேன். நீ எங்க நின்னே? என்னிக்கு நின்னிருக்கே?”

“ஒரு காப்பிக்கு ரெண்டு மாசமாய்யா யோசிப்பே?” என்றார் தூண் மேசைக்காரர். மற்ற இருவரும் சிரித்தார்கள். ரீஸோஸ் சிரிக்கவில்லை, ஆனால் அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

“இப்பக் கேளு” என்றார்.

மலாமோ சோம்புக் குப்பியை எடுத்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள். துணி முழங்கையருகே வந்தது. முழங்கை உயர்ந்தது.

“கூடவா...” தறிக்காரியின் குரல் எங்கோ போயிருந்தது. “இல்லாமலா?”

கேட்டுவிட்டு நின்றாள்.

ரீஸோஸ் எதிர் நாற்காலியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மலாமோ நின்றுகொண்டே இருந்தாள். வேறு மேசையில் ஒருவர் அவளைக் கூப்பிட்டார், திரும்பவில்லை.

“இல்லாம” என்றார் ரீஸோஸ்.

அர்கிரிஸ் அப்பாவைப் பார்த்தான். லம்ப்ரோஸ் அடுப்படியிலிருந்து தலையை நீட்டினான்.

“யாருக்கு இல்லாம?”

“ரீஸோஸ் அண்ணனுக்கு.”

“ரீஸோஸ் அண்ணனுக்கா? ஒழுங்காக் கேட்டியா?”

“கேட்டேன்டா! கேட்டுட்டுத்தான்டா சொல்றேன்!”

குரல் திரும்பிவிட்டது. வாசலில் பூனை எழுந்து உட்கார்ந்தது.

தெளிந்த குப்பி வந்தது. ரீஸோஸ் ஊற்றி ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணியது. கண்ணில் நீர் வந்தது.

“தூ. இதையா இத்தன வருஷம் குடிச்சா?”

“புண்ணு கழுவுறதுன்னு நீதானேண்ணே சொல்லுவே.”

“இப்பவும் அதான் சொல்றேன்” என்று சொல்லி இன்னொரு மடக்குக் குடித்தார்.

ஆலிவ் தீர்ந்தது. ஊறுகாய்த் தளிரில் பாதியை அர்கிரிஸ் பக்கம் தள்ளினார். இரண்டாவது குப்பிக்கு நெத்திலி வந்தது. அர்கிரிஸ் அப்பா மெல்வதைப் பார்க்காத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெத்திலி முடிந்ததும் ரீஸோஸ் இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றினார், எழுந்திருக்க. அர்கிரிஸ் கார்ச் சாவியை எடுத்தான்.

பக்கத்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த மலாமோ சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “இன்னிக்கு எறா பெருசு.”

ஊன்றிய கைகள் அப்படியே இருந்தன. பிறகு தளர்ந்தன.

“இன்னொண்ணு சொல்லுடா” என்றார் மகனிடம்.

சொல்லவேண்டியிருக்கவில்லை. “ஜன்னலுக்கு ஒண்ணு! எறா!” என்று மலாமோ ஏற்கெனவே கத்தியிருந்தாள்.

ஒரு குப்பிக்கு மூன்று எறால். ரீஸோஸ் ஒன்றை எடுத்தார், அர்கிரிஸ் ஒன்றை எடுத்தான். விரலெல்லாம் எண்ணெயும் எலுமிச்சையும்.

“உங்கம்மா தலையத் தனியா எடுத்து உறிஞ்சுவா” என்றார் ரீஸோஸ். “தெரு வரைக்கும் கேக்கும். மானம் போகும் எனக்கு. அடியே மெதுவாடீம்பேன். இன்னும் சத்தமா உறிஞ்சுவா.”

அர்கிரிஸ் தலையாட்டினான். அம்மா பேச்சை அப்பா எடுத்தது இதுதான் முதல்.

தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. ரீஸோஸ் முட்கரண்டியால் அதை மெல்ல நகர்த்தினார். மகன் பக்கமாக இல்லை. எதிர் ஓரத்துக்கு, வாசலைப் பார்த்த நாற்காலியின் பக்கமாக. ஓரத்தைத் தொட்டதும் முட்கரண்டி நின்றது. அது திரும்பி வருவதற்காக அவர் கை தட்டின் மேலேயே காத்திருந்தது.

திரும்பி வரவில்லை.

அர்கிரிஸின் கை தன் முட்கரண்டி வரை போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது.

சளக் சளக் என்று சத்தம் வந்தது. மலாமோ கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு மேலே நின்று பார்த்தாள். முதலில் தட்டை, பிறகு ரீஸோஸை.

“யாருக்கும் வேண்டாமா?”

ரீஸோஸ் தலையை அசைத்தார்.

“அப்ப எனக்கு.”

வாலைப் பிடித்துத் தூக்கினாள். தலையைத் திருகினாள். பூனை வாசலில் கழுத்தை நீட்டியது. மலாமோ தலையைப் பையில் போடவில்லை. வாயில் வைத்து உறிஞ்சினாள், தெரு வரைக்கும் கேட்கும்படி.